ஆலாய்ப் பறப்பதும் பறவை பார்ப்பதும்

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிறன்று கரமனையிலிருந்து மணக்குடி வரை சென்று, தேடிப்போன பறவையைக் காணாமலே திரும்பினோம். மறுநாள் நண்பர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "கிடைத்ததா?" இல்லை என்றேன். "அப்படியானால் ஒரு நாள் வீண்" என்றார் ஒருவர். அந்த "வீண்" என்ற சொல் பல நாட்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்கான மறுமொழியே இப்பதிவு. சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிய பறவையைத் தேடிச் செல்வதில் பிழையில்லை. ஆனால் பறவை பார்த்தல் என்னும் செயலின் மதிப்பை அரிய பறவை கிடைத்ததா இல்லையா என்பதைக் கொண்டு அளப்பது பிழை. அந்த அளவுகோல் நம் கண்ணைக் கெடுக்கிறது. நாம் எழுதிவைக்கும் தரவையும் கெடுக்கிறது. கடைசியில் பறவைக்கும் கேடாகிறது. இன்று கடற்கரைகளில் நம் கவனத்தை வேண்டி நிற்பவை அரிய பறவைகள் அல்ல. எல்லோரும் பார்த்து, எவரும் எண்ணாமல் விட்டுவிடும் எளிய பறவைகளே.

நாங்கள் தேடிப்போனது நண்டுதின்னியை. கறுப்பும் வெள்ளையுமான உடல், நீண்ட கால், நண்டின் ஓட்டை உடைப்பதற்கென்றே அமைந்தாற்போன்ற தடித்த கரிய அலகு. மலையாளத்தில் அதனை ஞண்டுண்ணி என்பர். கரைப்பறவைகளுள் அது தனித்தன்மை வாய்ந்தது: மணலில் வளை தோண்டி அதற்குள் முட்டையிடும். பாரசீக வளைகுடா, செங்கடல் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் இந்தியப் பெருங்கடலின் கரைகளுக்கு வரும். தமிழகத்தில் மன்னார் வளைகுடாப் பகுதியிலும் கேரளத்தில் கடலுண்டி போன்ற ஒருசில இடங்களிலும் பதிவாகியிருக்கிறது. எங்கள் தெற்குக் கரையில் அதனைக் காண்பது அரிது. எங்கோ ஒரு கழிமுகத்தில் யாரோ கண்டதாக வாய்மொழிச் செய்தி ஒன்று வந்தது. அதை நம்பி நால்வர் புறப்பட்டோம்: வங்கி ஊழியர் ஒருவர், கல்லூரி ஆசிரியை ஒருவர், இளநிலை மாணவன் ஒருவன், நான்.

அதிகாலை நான்கரை மணிக்குக் கரமனைப் பாலத்தைக் கடந்தோம். பாலத்தின் கீழே ஆறு இருளில் கிடந்தது. அந்த ஆற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறு சென்று சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. நெய்யாறு கடலுடன் கலக்கும் இடம் அது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு நீண்டு கிடக்கும். மழைக்காலத்தில் ஆறு அதை உடைத்துக்கொண்டு பாயும். வெயில்காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து மீண்டும் அடைக்கும். இவ்வாறு திறந்து மூடும் முகத்துவாரத்தை எங்கள் பகுதியில் "பொழி" என்பார்கள். அருகிலுள்ள ஊரின் பெயர் பொழியூர். எல்லை தாண்டிக் குமரிக் கரையோரமாகச் சென்றால் பொழிக்கரை என்றோர் ஊர் வரும். நிலத்தின் இயல்பை இவ்வளவு துல்லியமாகச் சுட்டும் சொல்லை இரு மாநிலத்து மீனவரும் பொதுவாக வைத்திருக்கிறார்கள்.

பறவை பார்ப்போரின் பட்டியல்களோ அப்படிப் பொதுவாக இல்லை. பொழியூர் கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர். அதை அடுத்து வரும் நீரோடி தமிழகத்தின் முதல் ஊர். நடந்தே கடக்கக்கூடிய தொலைவு. பொழியூர் மணலில் நண்டுதின்னி வந்து நின்றால் கேரளப் பட்டியலில் மதிப்புமிக்க பதிவு. அதே பறவை எழுந்து பறந்து நீரோடியில் இறங்கினால், மன்னார் வளைகுடாவை உடைய தமிழகத்தின் பட்டியலில் அவ்வளவு வியப்பில்லை. பறவை ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். அதன் அருமை மட்டும் சில நிமிடங்களில் ஏறி இறங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் வகுக்கப்படும் வரை இந்தக் கரை முழுவதும் ஒரே நிலப்பரப்பாகவே எண்ணப்பட்டது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெர்குசனும் வனத்துறையின் போர்டிலானும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றி எழுதியபோதும், சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளை ஆய்ந்தபோதும், குமரி அந்தத் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. அருமை என்பது பறவையின் இறகில் எழுதப்பட்ட பண்பன்று. எல்லை எங்கே வரையப்பட்டிருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை முறை பார்க்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்து அமைவது.

பூவாற்றில் நண்டுதின்னி இல்லை. ஆலாக்கள் இருந்தன. இறங்கி இறங்கி மீன் கொத்திக்கொண்டிருந்தன. "அக்கா, இதெல்லாம் வேண்டாம், நேராக மணக்குடிக்குப் போய்விடலாம்" என்றான் மாணவன். எனக்கும் உள்ளூர அதே அவசரம்தான். எண்ணாமலே புறப்பட்டோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மணக்குடி, பழையாறு கடல் சேரும் இடம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இங்கிருந்த பாலம் பெயர்த்தெறியப்பட்டது நினைவிருக்கலாம். இதற்கு வடக்கே உள்நாட்டில் உள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. குளமும் கழிமுகமும் உப்பளமும் அருகருகே அமைந்திருப்பதால் வலசைப் பறவைகளுக்கு உகந்த இடம். கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "என்ன மக்களே, குழலை வச்சுக்கிட்டு என்னத்தத் தேடுதிய?"

நண்டுதின்னியின் படத்தைக் காட்டினோம். சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "இது எப்பவாச்சும் வரும், போகும். இதத் தேடியா இம்புட்டு தூரம் வந்திய? அந்தா, ஆலா நிக்கில்லா, அதப் பாருங்க. சாளை எங்க கெடக்குன்னு அதுதான் காட்டித் தரும்."

கரைப்பறவைகளைப் பற்றியும் கேட்டேன். சிறியவை எல்லாவற்றையும் அவர் "உள்ளான்" என்றே சொன்னார். "முன்ன இந்த மணல்ல உள்ளான் இறங்குனா எண்ணி முடியாது. இப்ப எண்ணிப்பிடலாம், மக்களே."

இந்தக் கடைசி வாக்கியம் அன்று முழுவதும் என்னுடன் வந்தது. ஒரு மனிதரின் நினைவு அறிவியல் சான்றாகாது என்பது தெரியும். ஆனால் அந்த நினைவை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்ல வேண்டுமானால், முப்பது ஆண்டுகளுக்கு முன் யாராவது அந்த மணலில் நின்று உள்ளான்களை எண்ணி எழுதிவைத்திருக்க வேண்டும். அன்று எண்ணத்தக்க பறவையாக அவற்றை யாரும் கருதியிருப்பார்களா? அவை மிகுதியாக இருந்தன. ஆதலால் அவற்றுக்குக் குறிப்பு தேவைப்படவில்லை.

மொழியியலில் இதற்கு இணையான ஒரு நிலை உண்டு. ஒரு பெரிய உரைத்தொகுப்பை எடுத்துச் சொற்களை எண்ணினால், வெவ்வேறு சொற்களுள் ஏறத்தாழப் பாதி ஒரே ஒருமுறை மட்டும் வந்திருக்கும். மறுபுறம், விரல்விட்டு எண்ணத்தக்க சில சொற்கள் உரையின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும். சிப்பின் விதி என்று மாணவர்கள் படிப்பது இந்தச் சாய்வைத்தான். ஒருமுறை மட்டுமே வரும் சொல் ஆய்வாளனைக் கிளர்ச்சியுறச் செய்யும். கட்டுரை எழுதத் தூண்டும். ஆனால் ஒரு மொழி நலிகிறதா என்று அறிய வேண்டுமானால் அந்த அருஞ்சொல்லைப் பார்த்துப் பயனில்லை. வீட்டில், அடுக்களையில், ஆற்றங்கரையில் வழங்கும் அன்றாடச் சொற்கள் எத்தனை வாயில் உயிரோடிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டையே சான்றாகக் கொள்கிறேன். கரமனை ஆற்றங்கரையில் அமர்ந்திருக்கும் நீலப் பறவையைப் பாட்டி மீன்கொத்தி என்பார். தெருவில் மலையாளம் பேசி வளர்ந்த எனக்கு முதலில் வாயில் வருவது பொன்மான். பள்ளி செல்லும் என் அக்கா மகளுக்கு அது கிங்ஃபிஷர். இம்மூன்றில் எதையும் நான் இழிவாகக் கருதவில்லை. பொன்மான் அழகிய சொல். ஆனால் மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுச் சொல் நழுவியதை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அது மிக எளிய சொல் என்பதால், போய்விடும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எளிய பறவைகளின் மறைவும் இப்படித்தான் நிகழ்கிறது.

இது வெறும் உவமை இல்லை. மெல்லிய அலகுக் கோட்டான் என்று சொல்லத்தக்க ஒரு கரைப்பறவை இருந்தது. சைபீரியப் பகுதியில் இனப்பெருக்கம் செய்து, மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் குளிர்காலத்தைக் கழித்தது. ஒருகாலத்தில் அங்கெல்லாம் காணக்கூடியதாகவே இருந்தது. தோற்றத்தில் நாம் இங்கே காணும் பெரிய கோட்டானை ஒத்திருந்ததால் தனியாக எண்ணுவோர் குறைவு. அது அரிதாகிவிட்டது என்று உலகம் உணர்ந்து தேடத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. ஐயத்துக்கு இடமின்றி அது கடைசியாகக் காணப்பட்டது 1995 பிப்ரவரியில், மொராக்கோவின் மெர்ஜா செர்கா கழிமுகத்தில். அது அற்றுப்போயிருக்கும் வாய்ப்பே மிகுதி என்று 2024இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டனர். அதன் கடைசி ஆண்டுகளில் அதைத் தேடியவர்கள் ஏராளம். அது மிகுதியாக இருந்த ஆண்டுகளில் எண்ணியவர்களோ சிலரே.

நம் கரைக்கு வரும் பறவைகளும் இதற்கு விலக்கில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் தன் செம்பட்டியலைப் புதுப்பித்தபோது பல கரைப்பறவைகளின் நிலையை ஒரே வேளையில் மாற்றியது. சாம்பல் உப்புக்கொத்தி அதுவரை கவலைக்கு இடமில்லாதது என்ற பிரிவில் இருந்தது. அழிவை எதிர்நோக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டது. கர்லியூ சாண்ட்பைப்பர் எனப்படும் வளைந்த அலகுடைய சிறு உள்ளானும் அதே பிரிவுக்குச் சென்றது. கல்லைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளான் அச்சுறுத்தலை நெருங்கும் பிரிவில் சேர்ந்தது. இவற்றுள் எதுவும் நாங்கள் "அரியது" என்று காரெடுத்துத் தேடிச் செல்லும் பறவை இல்லை. "ஓ, இதுதானா" என்று தொலைநோக்கியைத் திருப்பிக்கொள்ளும் பறவைகள்.

இந்தியாவின் நிலை குறித்து 2023இல் வெளிவந்த "இந்தியப் பறவைகளின் நிலை" அறிக்கை 942 இனங்களை ஆய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு 338 இனங்களுக்கே இருந்தது. அவற்றுள் 60 விழுக்காடு குறைந்திருந்தன. வலசை வரும் கரைப்பறவைகள் கடுமையாகக் குறைந்தவற்றுள் அடங்கும். இந்த முடிவுகள் எங்கிருந்து வந்தன? ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் 3 கோடி குறிப்புகளிலிருந்து. அதாவது நம்மைப் போன்ற சாதாரணர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்களிலிருந்து.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. ஒரு பறவை பெருகுகிறதா குறைகிறதா என்று இப்பட்டியல்களைக் கொண்டு கணிக்கும் முறை எளியது. ஓர் இடத்தில் எழுதப்பட்ட நூறு முழுப் பட்டியல்களில் அப்பறவை எத்தனை பட்டியல்களில் வருகிறது என்று பார்க்கிறார்கள். பத்தாண்டுக்கு முன் எண்பதில் வந்தது இன்று ஐம்பதில் வந்தால் ஐயம் எழுகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பார்ப்பவர் தாம் அடையாளம் கண்ட அனைத்தையும் எழுதியிருக்க வேண்டும். "நண்டுதின்னி ஒன்று" என்று மட்டும் எழுதி, சுற்றியிருந்த இருநூறு உள்ளான்களை விட்டுவிட்டால், அந்தப் பட்டியல் ஒரு பறவையின் புகைப்படச் சான்றாகும். கரையின் நிலையைச் சொல்லாது. நண்டுதின்னி இல்லை என்று பட்டியலே எழுதாமல் திரும்பினால் அதனினும் கேடு. "தேடினோம், இல்லை" என்பதும் செய்திதான். பூவாற்றில் நாங்கள் எண்ணாமல் விட்ட ஆலாக்கள் அன்றைய கணக்கில் பிறக்கவே இல்லை.

கேரளப் பறவை வரைபடத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், தங்களுக்குப் பிடித்த இடங்களுக்கு அல்லாமல், வரைபடத்தில் கட்டமிட்டுத் தேர்ந்த இடங்களுக்குச் சென்று 25,000க்கும் மேற்பட்ட பட்டியல்களை எழுதினர். அவ்விடங்களில் ரப்பர் தோட்டமும் இருக்கும், நகரத்துச் சந்தும் இருக்கும். அரிய பறவை எதுவும் கிடைக்காத காலைப்பொழுதுகளே மிகுதியாக இருந்திருக்கும். அவற்றை வீண் என்று அவர்கள் எண்ணியிருந்தால் இன்று அந்த வரைபடம் இல்லை.

எளிய பறவையை உற்றுப் பார்ப்பதால் கிடைக்கும் வியப்புக்கும் நம் கரையிலேயே சான்று உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு கட்டும் ஒரு சிறு உப்புக்கொத்தியைப் பல்லாண்டுகளாகக் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகை என்றே எழுதிவந்தார்கள். உருவ அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு ஆய்ந்த அறிஞர்கள் 2023இல் அது தனி இனம் என்று நிறுவினர். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான பாலத்தின் கதையை நினைவூட்டி அதற்கு ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயரிட்டனர். எத்தனை பேர் அதன் மேல் கண்ணை ஓட்டிவிட்டு "வேறு எதுவும் இல்லை" என்று எழுதிச் சென்றிருப்பார்கள்!

மணக்குடியிலிருந்து புத்தளம் உப்பளத்துக்குச் சென்றோம். உப்புக்கொத்தி என்னும் பெயர் எப்படிப் பொருந்துகிறது என்று அங்கே நின்றால் விளங்கும். பாத்திகளின் வரப்பில் ஓடுவதும் நிற்பதும் குனிந்து கொத்துவதுமாக இருந்தன. இம்முறை எண்ணினோம். ஆசிரியை ஒரு பாத்தி, நான் ஒரு பாத்தி. வங்கி நண்பர் எழுதிக்கொண்டார். கொசு உள்ளான்கள் ஓயாமல் இடம் மாறியதால் மூன்று முறை எண்ண வேண்டியிருந்தது. தொடக்கத்தில் முகம் சுளித்த மாணவன்தான் முடிவில், "அக்கா, இதில் ஒன்று மட்டும் அலகு சற்று வளைந்திருக்கிறதே" என்று காட்டினான். செம்பட்டியலில் நிலை மாறிய அந்தச் சிறு உள்ளான். சைபீரியத் தூந்திரத்தில் பிறந்து, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் உடலுடன் இங்கு வந்து, உப்பு நீரில் புழு தேடிக்கொண்டிருந்தது. எண்ணாமல் போயிருந்தால் அதைக் கண்டிருக்க மாட்டோம்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். அங்கே சிவந்த நீண்ட கால்களுடன் நடந்த பறவையை எழுதும்போது சிறு விவாதம் எழுந்தது. மலையாளத்தில் பவிழக்காலி என்றால் நெடுங்கால் உள்ளான். சிவந்த காலுடைய மற்றோர் உள்ளானைச் சோரக்காலி என்பர். தமிழில் பவளக்காலி என்னும் பெயரை இவ்விரண்டில் எதற்கும் வழங்குவோர் உண்டு. ஆலா என்று நாம் சொல்வதை மலையாளத்தில் ஆள என்கிறார்கள். இப்படிப் பெயர்கள் எல்லை தாண்டி இணைகின்றன, விலகுகின்றன. ஆனால் எங்கள் பட்டியலில் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே ஏறுகின்றன. மணக்குடி முதியவரின் வாயில் உள்ள பெயர்கள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. பேராசிரியை அன்விதா அப்பி அந்தமான் மொழிகளை ஆவணப்படுத்தியபோது, சதீஷ் பாண்டேயுடன் சேர்ந்து பெரிய அந்தமானியரின் பறவைப் பெயர்களுக்கென்றே ஒரு நூலை 2011இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி மறைந்திருந்தார். அத்தகைய பதிவுக்கு நாம் கடைசிப் பேச்சாளர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குமரிக் கரையில் இன்னும் ஆயிரக்கணக்கானோர் இச்சொற்களைப் பேசுகிறார்கள். எளிதாகக் கிடைக்கும்போதே எழுதிக்கொள்வதுதான் ஆவணம். பறவைக்கும் சொல்லுக்கும் இதுவே முறை.

என் கருத்துக்கு எதிராக ஒன்று சொல்லப்படும் என்பதை அறிவேன். அரிய பறவையின் மீதான ஆசைதான் இளைஞர்களைக் கரைக்கு இழுத்து வருகிறது. அதைக் குறை சொன்னால் வருவோரும் வரமாட்டார்கள் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. என்னையும் முதலில் இழுத்தது அந்த ஆசையே. நண்டுதின்னி என்ற பெயர் இல்லாவிட்டால் அன்று நாங்கள் நால்வரும் உறக்கம் கலைந்து எழுந்திருக்க மாட்டோம். ஆகவே ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. கரைக்கு வந்து சேர்ந்தபின் அதுவே கண்ணை மறைக்கலாகாது என்கிறேன்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கிறோம். பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக ஓய்ந்து நிற்கும் கூட்டத்தை விரட்டி எழுப்புவோர் இருக்கிறார்கள். வேனிலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டிய பறவை இங்கே உண்டு கொழுப்பைச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து சிறிது செலவாகிறது. மழைக்காலத்தில் நடுக்கடலுக்குரிய ஆலாக்கள் சில புயற்காற்றில் அடித்து வரப்பட்டுக் கேரளக் கரையில் சோர்ந்து விழுவதுண்டு. பட்டியல்காரருக்கு அது வாழ்நாள் பதிவு. அந்தப் பறவைக்கோ உயிர்ப்போராட்டம். அதைச் சூழ்ந்து நின்று படமெடுக்கும்போது நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் "ஆலாய்ப் பறத்தல்" என்றொரு வழக்கு உண்டு. ஒன்றைப் பெற வேண்டும் என்ற பதற்றத்தில் அலைபாய்வதைச் சொல்வது. அதை ஆலாப் பறவையுடன் இணைத்துப் பொருள் கூறுவர். மணக்குடியில் ஆலாவைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த உவமை பறவைக்குச் சற்று அநீதி இழைப்பதாகவே தோன்றியது. ஆலா பதறவில்லை. ஒரே நீர்ப்பரப்பின் மேல் மீண்டும் மீண்டும் சுற்றிவந்து, உற்றுப் பார்த்து, மீன் தெரிந்தபின்பே இறங்கியது. ஊர் ஊராகப் பறந்தவர்கள் நாங்கள்தான்.

மாலையில் திரும்பும்போது கரமனைப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. அப்போதுதான் அந்த ஆற்றைப் பற்றி எண்ணினேன். அகத்தியமலைப் பகுதியில் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து, நகரத்துக்குக் குடிநீர் தந்து, எங்கள் தெருவை ஒட்டி ஓடி, பனத்துறை அருகே கடலில் கலக்கிறது. அங்கும் ஒரு பொழி இருக்கிறது. அந்த இடத்துக்கும் பொழிக்கரை என்றுதான் பெயர். என் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். அன்று நாங்கள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்று, மீண்டும் அவ்வளவு தொலைவு வந்திருந்தோம். என் ஆற்றின் முகத்துவாரத்தில் அந்த ஜனவரியில் எத்தனை உப்புக்கொத்திகள் நின்றன என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது.

கடல் கரையை அரிப்பதும், கருங்கல் சுவர்கள் நீள்வதும், மணல் சுருங்குவதும் நம் கண்முன் நடக்கின்றன. சங்குமுகத்தில் கடற்கரைச் சாலையே இடிந்து விழுந்ததைக் கண்டோம். மணல் போகும்போது அங்கு நின்ற பறவைகளும் போகும். நாளை ஒருநாள், "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று திட்ட அறிக்கை எழுதுவோரோ நீதிமன்றமோ கேட்டால், "நிறைய உள்ளான்கள் இருந்தன" என்ற நினைவு போதாது. நாளும் இடமும் எண்ணிக்கையும் உள்ள பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை இப்போது எழுதாவிட்டால் பின்னர் எவராலும் எழுத முடியாது.

ஆகவே நண்பர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஆண்டில் ஒரு நாள் அரிய பறவையைத் தேடி எவ்வளவு தொலைவும் செல்லுங்கள். அழைத்தால் நானும் வருவேன். ஆனால் மாதம் ஒரு காலை, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள குளமோ ஆற்றுமுகமோ வயலோ, ஒரே இடத்துக்குச் செல்லுங்கள். அரை மணி நேரம் நில்லுங்கள். காக்கை முதல் அனைத்தையும் எண்ணுங்கள். இல்லாதவற்றை இல்லை என்றே விடுங்கள். அருகில் வலை வீசுவோர் இருந்தால் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு, அதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

நான் பிப்ரவரி முதல் பொழிக்கரைக்குச் செல்கிறேன். இதுவரை அரியது எதுவும் கிடைக்கவில்லை. முதல் காலைப்பட்டியலில் உப்புக்கொத்தி 23, ஆலா 11, கொக்கு 6. கடந்த வாரம் பாட்டியையும் அழைத்துச் சென்றேன். உப்புக்கொத்திகள் அலை பின்வாங்கும்போது ஓடிச்சென்று கொத்திவிட்டு, அலை வரும்போது திரும்பி ஓடுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். வீடு திரும்பும் வழியில் அவர் அந்தப் பெயரை இருமுறை தாமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.